கார் வைத்திருப்பவருக்கும் ரேஷன் அரிசியா? பொருளாதார நியாயம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

ரேஷன் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றால் போதும், தமிழ்நாட்டில் ஒரு வாக்குவாதம் நிச்சயம். நேரில் நடக்காவிட்டாலும் வாட்ஸ்அப்பில் நடக்கும். "வசதி இருக்கிறவங்களுக்கு எதுக்கு இலவச அரிசி? எல்லாம் என் வரிப்பணம்" என்பார் ஒருவர். "ஆளைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க ஆரம்பிச்சா, கடைசியில உண்மையான ஏழைக்குத்தான் கிடைக்காமப் போகும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே நியாயம்தான் பேசுகிறார்கள். ஒருவர் சுயநலக்காரர், மற்றவர் இரக்கமுள்ளவர் என்று இதை முடித்துவிட முடியாது. பொருளாதார வாழ்க்கையில் எது நியாயம் என்ற கேள்வியில் தத்துவ அறிஞர்களே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான் பிரிந்து நிற்கிறார்கள். அவர்களில் நான்கு பேரை அதே ரேஷன் கடை வரிசையில் நிறுத்தி, என்ன சொல்வார்கள் என்று பார்க்கலாம்.

அதற்கு முன் கொஞ்சம் பின்னணி. 1997இல் ஒன்றிய அரசு ரேஷன் முறையை நாடு முழுவதும் மாற்றியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு விலை, மேலே இருப்பவர்களுக்கு வேறு விலை என்று குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. தமிழ்நாடு அந்தப் பிரிவினைக்குப் போகவில்லை. கேட்கிற குடும்பத்துக்கெல்லாம் அரிசி என்ற பழைய வழியிலேயே நின்றது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை இலவசம் என்றும் ஆக்கியது. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2016 நவம்பரில் தமிழ்நாடும் அதில் சேர்ந்தது. சட்டத்துக்காக அட்டைகளில் 'முன்னுரிமை', 'முன்னுரிமையற்ற' என்று அச்சாகியது. ஆனால் முன்னுரிமையற்ற அட்டைக்கும் அரிசி நிற்கவில்லை. அந்தக் கூடுதல் செலவு மாநிலத்தின் தலையில்.

இடையில் ஒரு தடவை இங்கேயும் வடிகட்டிப் பார்த்தார்கள். 2000களின் தொடக்கத்தில், மாத வருமானம் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களின் அட்டையில் 'எச்' முத்திரை குத்தி அரிசியை நிறுத்தினார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் ஆளுங்கட்சி தோற்றதும் அந்த முத்திரை காணாமல் போனது. அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, வடிகட்டுவதில் என்ன சிக்கல்? யார் ஏழை என்று அரசு கணக்கெடுக்கும்போது இரண்டு வகைப் பிழைகள் வரும். வசதி உள்ளவர் பட்டியலுக்குள் வந்துவிடலாம். வசதி இல்லாதவர் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போகலாம். முதல் பிழையில் அரசுக்குப் பணம் போகிறது. இரண்டாவது பிழையில் ஒரு வீட்டில் அடுப்பு எரிவதில்லை. இரண்டையும் சேர்த்து ஒழித்துவிட முடியாதா என்றால், பெரும்பாலும் முடியாது. முதல் பிழையைக் குறைக்க நிபந்தனைகளைக் கூட்ட வேண்டும், சான்றிதழ் கேட்க வேண்டும், நேரில் வரச் சொல்ல வேண்டும். சான்றிதழ் வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு அலைய முடியாதவர் யார்? முகவரி மாறிக்கொண்டே இருப்பவர் யார்? சித்தாள் வேலையில் விரல் ரேகை தேய்ந்து, இயந்திரம் ஏற்காமல் திரும்பி வருபவர் யார்? கட்டுப்பாட்டை இறுக்க இறுக்க இரண்டாவது பிழை ஏறும். கார் சண்டையின் உள்ளே இருக்கும் உண்மையான கேள்வி இதுதான்: எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம், எவ்வளவு தூரம்? நியாயம் பற்றிய கோட்பாடுகள் பிரிவதும் இங்கேதான்.

முதலில் வரிசையில் நிற்பவர் ஜெரமி பெந்தாம் (1748–1832). இங்கிலாந்துக்காரர். ஒரு செயல் சரியா தவறா என்பதை அதன் விளைவை வைத்துத்தான் சொல்ல வேண்டும், மொத்தத்தில் மக்களின் இன்பம் கூடுகிறதா, துன்பம் குறைகிறதா என்பதுதான் அளவுகோல் என்றார். இதைப் பயன்பாட்டுவாதம் என்பார்கள். அந்தக் கணக்கில் ஜமீன்தாரின் மகிழ்ச்சிக்கும் கூலிக்காரரின் மகிழ்ச்சிக்கும் ஒரே எடை. அவர் காலத்தில் இது பெரிய கலகப் பேச்சு.

ரேஷன் கடையில் பெந்தாம் நோட்டும் பென்சிலுமாகத்தான் நிற்பார். மாதம் பத்தாயிரம் ரூபாயில் ஓடும் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள அரிசி பெரிய விஷயம். ஒரு லட்சம் வரும் வீட்டுக்கு அது கவனத்துக்கே வராது. ஆகவே கார்க்காரருக்குக் கொடுப்பதை நிறுத்தி, அதையும் ஏழை வீட்டுக்கே கொடுத்தால் மொத்த நன்மை கூடும். ஆனால் அவர் அதோடு நோட்டை மூட மாட்டார். கார்க்காரரைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு எவ்வளவு? கிராம நிர்வாக அலுவலர் வேறு வேலையை விட்டுவிட்டு வீடு வீடாகப் போகும் நேரம்? தவறுதலாக விடுபடும் குடும்பத்தின் பசி? எல்லாம் கணக்கில் வரும். கூட்டிக் கழித்த பிறகு வடிகட்டுவது லாபமா நஷ்டமா என்பது ஊருக்கு ஊர் மாறலாம். கொள்கை அளவிலேயே எந்தப் பக்கமும் சாயாத ஆள் அவர். அரசு அலுவலகங்களில் திட்டச் செலவையும் பயனையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமெல்லாம் இவருடைய வாரிசுதான்.

இந்த வழியில் உள்ள குறை, கூட்டுத்தொகைக்கு முகம் கிடையாது என்பது. ஆயிரம் பேருக்குச் சிறு நன்மை, பத்துப் பேருக்குப் பெரிய கேடு என்றால் கூட்டுத்தொகை சரியாகவே வரும். சென்னையில் கூவம், அடையாற்றுக் கரைகளில் குடியிருந்த குடும்பங்களை கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியதை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்கு வெள்ள ஆபத்து குறையும், ஆறு அழகாகும், லட்சக்கணக்கானவர்களுக்கு நன்மை. வீட்டு வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் நடந்து போய்க்கொண்டிருந்த பெண்களோ பல கிலோமீட்டர் தள்ளிப் போய் வேலையை இழந்தார்கள். 'மொத்தத்தில் நல்லது' என்று சொல்லும்போது அந்த மொத்தத்துக்கான விலையை யார் கட்டுகிறார்கள் என்பது மறைந்துவிடுகிறது.

இந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்தான் ஜான் ரால்ஸ். அமெரிக்கர், ஹார்வர்டு பேராசிரியர். 1971இல் வெளியான அவருடைய நீதிக் கோட்பாட்டு நூலுக்குப் பிறகு இந்தத் துறையில் யார் பேசினாலும் அவரை ஒத்துக்கொண்டோ மறுத்தோதான் பேச வேண்டியிருக்கிறது. அவர் நம்மை ஒரு கற்பனைக்கு அழைக்கிறார். ஒரு சமூகத்தின் அடிப்படை விதிகளை எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். ஆனால் யார் கண்ணுக்கும் தன்னைப் பற்றிய விவரம் தெரியாதபடி ஒரு திரை. நீங்கள் எந்தச் சாதியில் பிறப்பீர்கள், ஆணா பெண்ணா, அப்பாவிடம் நிலம் இருக்குமா, உடம்பு ஆரோக்கியமாக இருக்குமா, கணக்கு வருமா வராதா, எதுவும் தெரியாது. இந்த நிலையில் எந்த விதிக்குக் கை தூக்குவீர்கள்?

தனக்குச் சாதகமாக விதி எழுத வழியே இல்லாததால், கீழே விழுந்தாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய ஏற்பாட்டைத்தான் கேட்பீர்கள் என்கிறார் ரால்ஸ். எல்லோருக்கும் சமமான அடிப்படைச் சுதந்திரங்கள் முதலில். அப்புறம் உண்மையான சம வாய்ப்பு. பொருளாதார ஏற்றத்தாழ்வு இருக்கலாம். ஆனால் அதனால் அடியில் இருப்பவரின் நிலை உயர வேண்டும் என்ற நிபந்தனையோடு. எல்லோரும் ஒரே சம்பளம் வாங்க வேண்டும் என்று அவர் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. மலைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் மருத்துவருக்கு மேற்படிப்புச் சேர்க்கையில் கூடுதல் மதிப்பெண் கொடுப்பது சமமற்ற நடத்தைதான். அதனால் மலைக் கிராமத்துக்கு மருத்துவர் வருகிறார் என்றால் ரால்ஸுக்கு அதில் ஆட்சேபம் இருக்காது.

ஒரு சின்ன எச்சரிக்கை. ரால்ஸ் பேசியது சமூகத்தின் அடித்தளக் கட்டமைப்பைப் பற்றி. ஒரு ரேஷன் கடையைப் பற்றி அல்ல. அவரைக் கடை வாசலுக்குக் கூட்டி வருவது நாம் எடுத்துக்கொள்ளும் உரிமை. இன்னொன்று, இதே திரையை அவருக்கு முன்பே பொருளாதார அறிஞர் ஜான் ஹர்சானி பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் அவர் வந்து சேர்ந்த இடம் வேறு: திரைக்குப் பின்னால் இருப்பவர் சராசரி நலன் அதிகமாக இருக்கும் சமூகத்தையே தேர்ந்தெடுப்பார் என்றார், அதாவது சுற்றி வளைத்து பெந்தாம் வீட்டுக்கே போய்விட்டார். உங்களுக்கு ஆபத்தை எடுத்துப் பார்க்கும் துணிவு எவ்வளவு என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ரால்ஸின் வாதத்தில் பலவீனமான இடம் இதுவே என்பது என் எண்ணம்.

ரேஷன் விஷயத்தில் ரால்ஸ் எல்லோருக்கும் கொடு என்று சொல்வாரா? உடனே சொல்ல மாட்டார். கார்க்காரரிடம் மிச்சம் பிடித்த பணம் உண்மையிலேயே அடித்தட்டுக் குடும்பத்துக்குப் போய்ச் சேருமானால் வடிகட்டுவதே அவருக்குச் சரி. ஆனால் அவர் இரண்டு கேள்வி கேட்பார். அடியில் இருப்பவர் விடுபட்டுப் போகும் அபாயம் எவ்வளவு? அட்டையில் 'ஏழை' என்று குத்தி, தனி வரிசையில் நிற்க வைப்பது அவருடைய சுயமரியாதையை என்ன செய்யும்? ஒவ்வொரு மனிதருக்கும் வேண்டிய அடிப்படைப் பொருள்களில் சுயமரியாதையை மிக முக்கியமானதாக வைத்தவர் ரால்ஸ். பெந்தாமின் நோட்டில் இதற்கென்று தனிப் பத்தி கிடையாது.

இனி எதிர்த் தரப்பு. ராபர்ட் நோசிக், அதே ஹார்வர்டில் ரால்ஸின் சக பேராசிரியர். 1974இல் பதில் நூல் எழுதினார். 'என் வரிப்பணம்' என்று வாட்ஸ்அப்பில் கோபப்படுபவருக்குத் தத்துவ உலகில் கிடைத்த மிகச் சிறந்த வழக்கறிஞர் இவர். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காதே, அது எப்படி வந்தது என்று பார் என்கிறார். நேர்மையாகச் சம்பாதித்ததா, நேர்மையாகக் கைமாறியதா, அவ்வளவுதான். அவருடைய புகழ்பெற்ற உதாரணம் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின். உங்களுக்குப் பிடித்தபடி செல்வத்தை எல்லோருக்கும் பங்கிட்டுவிடுங்கள். அதன் பிறகு 10 லட்சம் பேர் அவர் ஆட்டத்தைப் பார்க்க ஆளுக்கு 25 சென்ட் தாங்களாகவே கொடுக்கிறார்கள். அவரிடம் இப்போது 2,50,000 டாலர். சமத்துவம் உடைந்துவிட்டது, ஆனால் யார் யாரை ஏமாற்றினார்கள்? அந்தப் பங்கீட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் மக்கள் தங்கள் காசை என்ன செய்கிறார்கள் என்பதில் அரசு ஓயாமல் தலையிட வேண்டியிருக்கும். உழைத்த வருமானத்தின் மீதான வரியைக் கட்டாய உழைப்புக்கு இணையாக வைத்துப் பேசும் அளவுக்கு அவர் போனார்.

நோசிக்குக்குக் கார்க்காரர், கூலிக்காரர் என்ற பேச்சே இல்லை. இலவச அரிசியே தவறு. உதவ விரும்புபவர் தன் பணத்தில் உதவட்டும். இங்கே வாட்ஸ்அப் நண்பருக்கு ஒரு சங்கடம் உண்டு. வரிப்பணம் என்பது வருமான வரி மட்டும் அல்ல. கூலிக்காரர் வாங்கும் சோப்பிலும் செல்போன் ரீசார்ஜிலும் வரி இருக்கிறது, வருமானத்தோடு ஒப்பிட்டால் அவருக்குத்தான் அந்தச் சுமை அதிகம். ஆகவே 'என்' வரிப்பணத்தில் அவரும் பங்காளிதான்.

நோசிக்கை முழுசாகப் படிப்பவர்களுக்கு இன்னொரு பெரிய ஆச்சரியம் காத்திருக்கிறது. அவர் கோட்பாட்டில் மூன்றாவதாக ஒரு விதி உண்டு: பழைய காலத்தில் அநியாயமாகப் பறிக்கப்பட்டிருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இந்த விதி போய் முட்டும் இடம் பஞ்சமி நிலம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்கீர், நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த நிலத்தை வேறு சமூகத்தவருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போனது. பத்திரம் சுத்தமாக இருக்கிறது, மூன்று தலைமுறையாக என் பெயரில் இருக்கிறது என்று இன்றைய உரிமையாளர் சொல்லலாம். ஆனால் வந்த வழியைப் பார் என்று கற்பித்தவரே நோசிக்தான். தனிச்சொத்துரிமையின் தலைசிறந்த காவலரை நேர்மையாகப் பின்பற்றினால் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின் பக்கத்தில் போய் நிற்க வேண்டிவரும். அவரை மேற்கோள் காட்டும் பலர் இந்த மூன்றாவது விதிக்கு வருவதற்குள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

கடைசியாக அமர்த்தியா சென். 1998இல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்றவர். 1943 வங்கப் பஞ்சத்தைச் சிறுவனாக நேரில் பார்த்தவர். அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்ததாகப் பின்னாளில் அவரே மதிப்பிட்டார். நாட்டில் அரிசியே இல்லாமல் போய்விட்டதால் அல்ல, அரிசி வாங்கும் சக்தி சிலரிடமிருந்து பறிபோனதால் அவர்கள் இறந்தார்கள் என்று காட்டினார். விவசாயக் கூலிகளும் மீனவர்களும் செத்து விழ, போருக்குத் தேவைப்பட்ட கல்கத்தா நகரத்து ஆலைத் தொழிலாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் மலிவு விலையில் உணவு தரப்பட்டுவந்தது. யாருக்கு முன்னுரிமை என்று அரசு வடிகட்டத்தான் செய்தது. வடிகட்டிய அளவுகோல் பசி அல்ல, போர்.

சென் ஒரு புல்லாங்குழல் கதை சொல்வார். ஒரு குழல், மூன்று குழந்தைகள். ஒருத்திக்கு வாசிக்கத் தெரியும். ஒருவன் பரம ஏழை, விளையாட வேறு பொருளே இல்லை. மூன்றாமவள்தான் அதை உழைத்துச் செய்தவள். யாருக்குக் கொடுப்பது? மூன்று பேருடைய காரணமும் நல்ல காரணம்தான், எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே விடை இல்லாமலும் போகலாம் என்பது அவர் சொல்ல வந்தது. முழுமையான நீதிச் சமூகத்தின் வரைபடம் கையில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கண் முன்னால் இருக்கும் இரண்டு ஏற்பாடுகளில் எது குறைந்த அநியாயம் என்று ஒப்பிட்டுப் பேச முடியும் என்பார்.

ஒப்பிட அவர் தரும் அளவுகோல், மனிதர் கையில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதை வைத்து அவரால் என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்பது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் இலவசப் பயணம் வந்தது. வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. பெண்ணாக இருந்தால் ஏறலாம். மிச்சமாகும் காசு ஒரு பக்கம். சென் பார்க்கச் சொல்வது அடுத்த பக்கத்தை: வீட்டில் பேருந்துக் காசு கேட்டு நிற்காமல் வேலைக்கோ மருத்துவமனைக்கோ அம்மா வீட்டுக்கோ போக முடிகிறதே, அதை. கூடவே, நகரப் பேருந்து எட்டாத ஊரில் இருக்கும் பெண்ணுக்கும், படியில் ஏற முடியாத மாற்றுத்திறனாளிக்கும் அதே அரசாணையால் என்ன கிடைத்தது என்றும் கேட்பார்.

இரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பரில், அதே அரசு மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய். இங்கே மட்டும் நிபந்தனைகள் வந்தன: குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது. சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், சுமார் 1 கோடியே 6 லட்சம் பேருக்குத் தொகை வந்தது. பேருந்துக்குக் கேட்காத கேள்வியைப் பணத்துக்கு ஏன் கேட்க வேண்டும் என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள்.

கேட்டதில் தவறில்லை, ஆனால் விடை இல்லாத கேள்வி அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் பேருந்தில் இன்னொருவர் ஏறினால் அரசுக்குக் கூடுதல் செலவு அதிகமில்லை. வசதியான பெண் பெரும்பாலும் அந்தப் பேருந்தில் ஏறவும் மாட்டார். ரேஷன் அரிசிக்கும் அப்படி ஒரு சல்லடை தானாகவே இருக்கிறது: கடையில் நல்ல பொன்னி வாங்க முடிந்தவர்களில் பலர் அதைச் சமைப்பதில்லை. அரிசி வேண்டாம், சர்க்கரை போதும் என்று சர்க்கரை அட்டை வாங்கிக்கொள்ளவும், பொருளே வேண்டாம் என்று சொல்லவும் தமிழ்நாட்டில் வழி உண்டு. யாரும் யாரையும் விசாரிக்காமலேயே ஒரு பகுதியினர் விலகிக்கொள்கிறார்கள். (வாங்கி இட்லி மாவுக்கு விற்பதும் எல்லை தாண்டிக் கடத்துவதும் நடக்கத்தான் செய்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை.) பணத்துக்கு இப்படிச் சல்லடை கிடையாது. ஆயிரம் ரூபாயை வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆகவே உணவிலும் பேருந்திலும் எல்லோருக்கும் என்பதும், பணத்தில் மட்டும் வடிகட்டுவதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. உணவில் விடுபடும் பிழை உயிரைத் தொடும். அதற்காகச் சில கார்களைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே என் சார்பு.

பணத்தில் வடிகட்டினால் எல்லைக்கோட்டுப் பிரச்சினை வரும், அதைத் தவிர்க்க வழியில்லை. கூட்டுக் குடும்பம் ஒரே மீட்டரில் இருக்கும். 3,600 யூனிட்டைத் தாண்டிவிடும். பழைய காரைக் கடனில் வாங்கியவரின் மனைவியும் கார் வைத்திருப்பவராகிவிடுவார். வருமான வரியில் இதைப் படிப்படியாக ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாம். ஆயிரம் ரூபாய் திட்டத்தில் உண்டு அல்லது இல்லை, இரண்டே நிலைதான்.

இந்த இடத்தில் நான்கு பேரிடமும் நாம் இதுவரை கேட்காத ஒரு நியாயம் முக்கியமாகிறது, நடைமுறை நியாயம். முடிவு எப்படி எடுக்கப்பட்டது, மறுக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லப்பட்டதா, மேலே போய்க் கேட்க வழி இருக்கிறதா? உரிமைத் தொகைத் திட்டத்தில் விண்ணப்பத்தோடு வருமானச் சான்றிதழோ நில ஆவணமோ இணைக்கத் தேவையில்லை என்றார்கள். நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். முப்பது நாளுக்குள் கோட்டாட்சியரிடம் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். 'எச்' முத்திரைக் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்தக் குறுஞ்செய்தியைப் படித்துக் காட்ட வீட்டில் ஆள் இருக்கிறதா, இ-சேவை மையத்தில் அன்றைக்கு சர்வர் வேலை செய்ததா என்பதையும் சேர்த்துத்தான் அந்த வழிமுறைக்கு மதிப்பெண் போட வேண்டும்.